பள்ளத்தெருவிலிருந்து வரும் கேள்விகள்: கடலூர் மாவட்டமும் மாறிப்போன மழையும்

நான் இருப்பது குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே, பரவனாற்றை ஒட்டிய ஓர் ஊரில். மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதப் போனவள், 2015 வெள்ளத்துக்குப் பிறகு மனு எழுதுகிறவளாகவும் ஆகிவிட்டேன். மனு எழுத வருகிறவர்கள் கேள்வியோடுதான் வருகிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பேச்சில் எப்படிக் கேட்டார்களோ அப்படியே சிலவற்றை விட்டிருக்கிறேன்.

புயல் என்றாலே ஏன் கடலூர்?

நம் மாவட்டமே ஒரு வடிகால். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, நடுவில் கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் எல்லாம் நம் மண்ணைத் தாண்டித்தான் கடலைச் சேர வேண்டும். மேற்கே மேடு, கிழக்கே தட்டை நிலம். மேட்டிலிருந்து ஓடி வந்த தண்ணீர் தட்டை நிலத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. புயல் நேரத்தில் காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளிப் பிடித்திருக்கும். ஆற்று முகத்தில் கடல் மட்டம் ஏறியிருக்கும்போது ஆற்றுநீர் எப்படி இறங்கும்? "கடல் தண்ணிய வாங்கல" என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் ஏறிவருகிறது. மில்லிமீட்டர் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தட்டை நிலத்தில் தண்ணீர் வடிய இரண்டு நாள் கூடுதலாக எடுத்தால் சம்பா அழுகிவிடும்.

2004 சுனாமியையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது நிலநடுக்கத்தால் வந்தது, பருவநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2020இல் நிவர் புயலும் அதன் பின்னாலேயே வந்த புரெவி புயல் மழையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். இவைதான் நாம் பேச வேண்டியவை.

"எங்க தாத்தா காலத்துலயும் புயல் வந்துச்சே அக்கா, இதுல புதுசா என்ன?"

வந்தது, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஒரு புயலைக் காட்டி இது பூமி சூடானதால் பிறந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது பிடித்து வைத்துக்கொள்ளும் ஈரம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். கீழே வங்கக் கடலும் சூடேறியிருக்கிறது. அதனால் வருகிற புயல் கூடுதல் தண்ணீரைச் சுமந்து வந்து, கொட்டும்போது ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறது.

2015இல் தீபாவளிக்கு முந்தின நாள், நவம்பர் 9 அன்று, நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பண்ருட்டி பக்கம் விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஓடைகளில் வந்த வெள்ளம் வீட்டையும் ஆளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரு நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர், ஓர் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

புதுசு இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் ஒரு வெள்ளத்தில் பட்ட கடனை அடைக்க நாலைந்து நல்ல வருடம் கிடைக்கும். இப்போது முந்தின கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்து நிற்கிறது. என்னிடம் மனு எழுத வருபவர்களில் பாதிப் பேர் 2020இல் அடகு வைத்த காதுத் தோட்டை மீட்காமலே 2024க்குள் நுழைந்தவர்கள்.

ஒரே ஊர், ஒரே மழை. காலனி மட்டும் ஏன் முதலில் மூழ்குகிறது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான்.

எந்த ஊருக்கும் போய்ப் பாருங்கள். கோயில், பெரிய தெரு, பழைய ஓட்டு வீடுகள் எல்லாம் மேட்டில் இருக்கும். பறையர் குடியிருப்பு வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பள்ளத்தில். இருளர் குடிசைகள் அதற்கும் அப்பால், ஏரிக்கரையிலோ ஓடைப் புறம்போக்கிலோ. மேட்டில் யார் இருக்கலாம் என்பது பல தலைமுறைக்கு முன்னாலேயே சாதியால் முடிவானது. பிறகு அரசு தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தபோதும் அதே பள்ளத்தில்தான் கட்டிக் கொடுத்தது. போட்ட சாலையோ தெருவைவிட இரண்டடி உயரம். சாலைக்கு அடியில் ஒரே ஒரு குழாய். இப்போது அந்தச் சாலையே ஓர் அணை மாதிரி நின்று தண்ணீரைக் காலனிப் பக்கம் தேக்கிவிடுகிறது.

2015இல் எங்கள் ஊரில் பெரிய தெருவில் கணுக்கால் தண்ணீர். முந்நூறு அடி தள்ளி காலனியில் இடுப்பளவு. எங்கள் குழுவில் இருக்கும் ஒரு அக்கா, பானையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் பலகை வைத்து, பலகை மேல் அடுப்பை வைத்து, மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சினாள். தண்ணீர் வடிந்த பிறகு அவள் முதலில் செய்தது, ரேஷன் அட்டையையும் பிள்ளையின் சாதிச் சான்றிதழையும் தாள் தாளாகப் பிரித்து, வெந்நீர் ஊற்றிய சொம்பின் அடியால் மெதுவாகத் தேய்த்துக் காய வைத்தது. சான்றிதழில் தாசில்தார் கையெழுத்து நீல மையில் கரைந்து பரவியிருந்தது. அதை மறுபடி வாங்க ஏழு முறை அலைந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் நடவுக் கூலி போயிற்று.

வெள்ளத்தில் என்ன போயிற்று என்று கேட்டு எழுதுகிறவர்கள் அந்த ஏழு நாள் கூலியை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

மழையே விட்டுவிட்டது, அப்புறம் எப்படி வெள்ளம்?

2024 டிசம்பர் முதல் வாரத்தில் தென்பெண்ணைக் கரைக்காரர்கள் எல்லோரும் கேட்டது இதுதான். ஃபெஞ்சல் கரை கடந்த பிறகும் அதன் மிச்சம் மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அந்தத் தண்ணீர் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 விடிவதற்குள் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். விழுப்புரத்தைத் தாண்டி அது நம் பக்கம் வந்தபோது இங்கே வானம் வெளுத்திருந்தது.

அதனால் இனிமேல் நம் ஊர் மழையை மட்டும் பார்க்காதீர்கள். தென்பெண்ணைக் கரை என்றால் சாத்தனூர், கொள்ளிடக் கரை என்றால் மேட்டூர், காட்டுமன்னார்கோயில் பக்கம் என்றால் வீராணம். அணையில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஊரில் ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் வரும் குறுஞ்செய்தியை யாரும் படிப்பதில்லை. கோயில் ஒலிபெருக்கியிலோ பள்ளிவாசல் மைக்கிலோ சொன்னால் எல்லோர் காதிலும் விழும். எங்கள் ஊரில் இப்போது தண்டோராவே போடுகிறோம்.

குத்தகைக்கு உழுகிறவருக்கு நிவாரணம் உண்டா?

சட்டப்படி உண்டு. நடப்பில், அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் போய்ச் சேருகிறது.

நம் பக்கம் முக்கால்வாசிக் குத்தகை வாய்ப்பேச்சுதான். போகத்துக்கு இத்தனை மூட்டை என்று பேசிக்கொள்வார்கள், தாளில் ஒன்றும் இருக்காது. நிலத்துக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். பயிர் மூழ்கினால் விதை, உரம், நடவுக் கூலி என்று போட்ட பணம் எல்லாம் குத்தகைக்காரருடையது. நிவாரணம் பட்டாதாரர் வங்கிக் கணக்கில் ஏறும். நல்ல மனசுக்காரர்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள். கொடுக்காதவர்களிடம் கேட்கவும் பயம், அடுத்த போகம் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். என் அப்பா அப்படிக் கேட்காமலே இரண்டு முறை விட்டிருக்கிறார்.

ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்தது, 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான இறவை (பாசன) நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் ஏழாயிரத்தைத் தொடாது. ஒரு ஏக்கர் சம்பாவுக்கு நடவு முடிந்து களை எடுக்கும் வரை ஆகும் செலவு தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு சிறியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் 33 என்ற கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை வந்து பார்ப்பவர்தான் முடிவு செய்கிறார். அவர் வரும் நாளில் வயலில் நீங்களே நில்லுங்கள். தண்ணீர் நின்றபோது தேதி விழும்படி எடுத்த புகைப்படத்தைக் கையில் வைத்திருங்கள்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கல் சான்றில் சாகுபடியாளர் என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். அன்றுவரை காத்திருந்தால் பொதுச் சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. அடங்கலுக்கு வி.ஏ.ஓ.வைப் பிடிப்பதே ஒரு வாரம். ஆகவே நடவு முடிந்த வாரமே போங்கள்.

இழப்பீடு உங்கள் வயலைத் தனியாகப் பார்த்து வருவதில்லை. வருவாய்க் கிராமத்தில் சில வயல்களைப் பொறுக்கி, அறுத்து, எடை போட்டுச் சராசரி எடுப்பார்கள். மேட்டு வயல் நன்றாக விளைந்திருந்தால் பள்ளத்து வயல்காரருக்கும் ஒன்றும் கிடைக்காது. இது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். எழுதும் மனுக்களில் எல்லாம் இதைச் சேர்த்து எழுதுகிறேன்.

1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வழி தருகிறது. தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நிலத்துக்காரரோடு பேசி, இருவரும் ஒத்துப் போய்ப் பதிந்தால் சண்டை வராது.

மூழ்கின நெல் பிழைக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்ணீர் வடிந்ததும் இரண்டு மூன்று குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். வேர் கறுத்து, அழுகின முட்டை வாடை அடித்தால் அந்தக் குத்து தேறாது. கறுப்புக்கு நடுவில் வெள்ளையாகப் புதுவேர் நூல் நூலாக விட்டிருந்தால் பிழைக்கும். தண்ணீரை முழுக்க வடித்து, இரண்டு நாள் வயலை ஆறவிட்டு, பிறகு உரம் போடுங்கள். அவசரப்பட்டு நின்ற தண்ணீரிலேயே யூரியா எறிந்தால் காசும் தண்ணீரோடு போகும்.

பள்ளத்து வயலுக்கு சி.ஆர்.1009 சப்-1 ரகம் நல்லது. ஒரிசாப் பக்கத்துப் பழைய நெல் ஒன்றின் குணத்தை அதில் ஏற்றியிருக்கிறார்கள். முழுக்க மூழ்கினாலும் பத்து நாள், பதினைந்து நாள் வரை தாங்கும். சாதாரண ரகம் ஒரு வாரத்திலேயே சோர்ந்துவிடும். நம் பழைய நெல்லில் காட்டுயானம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து தண்ணீருக்கு வெளியே தலை நீட்டி நிற்கும். விளைச்சல் குறைவு, வைக்கோல் அதிகம். மாடு வைத்திருப்பவர்களுக்கு அதுவும் நல்லதுதான்.

கிணறு ஏன் உப்புக் கரிக்கிறது?

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு ஏறக்குறைய 40 அடி மேலேறும் என்பது கணக்கு. ஆழ்குழாய் போட்டு உறிஞ்ச உறிஞ்ச உப்பு ஏறுகிறது. கோடை நீள்கிறது, கடலும் உயர்கிறது, வெள்ளத்தோடு கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து குட்டைகளில் தங்குகிறது. எல்லாம் சேர்ந்துகொள்கிறது.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் இதன் கணக்கைக் குடத்தில் சொல்வார்கள். பருப்பு வேகிறதா இல்லையா என்பதுதான் அவர்கள் செய்யும் பரிசோதனை. பணம் இருப்பவர் கேன் வாங்கிவிடுகிறார். இல்லாதவர் பக்கத்து ஊர்க் குழாய்க்கு நடக்கிறார். மழைநீர் நிற்கும் குளத்தை ஊருக்கு ஒன்றாவது தூர்வாரிக் காப்பாற்றினால் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு தணியும். ஆழ்குழாயை இன்னும் ஆழமாக்குவது எதிர்த்திசையில் போவது.

பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் மீண்டனவா?

மரங்கள் மீண்டன, சின்ன மனிதர்கள் எல்லோரும் மீளவில்லை. தானே புயல் அடித்த காலையில் ஐம்பது, அறுபது வயதுப் பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் சீப்பால் வாரியதுபோல் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தன. ஒட்டு முந்திரி நட்டால் மூன்றாம் வருடம் காய்ப்புக்கு வரும். பலாவுக்கு இன்னும் பொறுக்க வேண்டும். தோப்பு வைத்திருந்தவர்களுக்குக் கன்றும் மானியமும் வந்தன. கொட்டை பொறுக்கி, உடைத்து, தோல் உரித்துப் பிழைத்த பெண்களுக்கு மரம் திரும்ப வளரும் வரை வேலையில்லை. திருப்பூருக்கும் சென்னைக் கட்டட வேலைக்கும் அப்போது போன குடும்பங்களில் பல இன்னும் திரும்பவில்லை.

முந்திரி உடைக்கிறவர்கள் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டைத் தோட்டின் பால் பட்டு நுனி வெந்து, ரேகையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். ரேஷன் கடை இயந்திரத்தில் கைரேகை விழாமல் அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். நிவாரணம் வாங்கும் நாளிலும் இதே பாடு. கருவிழிப் பதிவு அல்லது ஓ.டி.பி. கேளுங்கள். அந்த வழியும் இருக்கிறது.

கடலில் மீன் குறைந்ததும் இதனால்தானா?

ஒரு பங்கு. கடல் சூடேறும்போது மீன் இடம் மாறும். மேற்குக் கரை மீனாக இருந்த மத்தி 1980களுக்குப் பிறகுதான் நம் கரையில் மடி நிறைய வர ஆரம்பித்தது. ஆனால் குஞ்சு மீனையும் அள்ளும் வலைகள், இழுவைப் படகுகளின் எண்ணிக்கை, சுருக்குமடி வலைச் சண்டை எல்லாவற்றையும் வெயில் மேல் போட்டுவிட முடியாது.

மீனவ வீடுகளில் அதிகம் அடிபடுவது எச்சரிக்கை நாள்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்கு. அதற்கு 8,000 ரூபாய் நிவாரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தாழ்வுநிலை மாற்றி இன்னொன்று வரும்போது ஃபைபர் படகும் வாரக் கணக்கில் கரையில் கிடக்கிறது. கூடை தூக்கி விற்கும் பெண்களுக்கு அந்த நாள்களில் ஒரு ரூபாயும் இல்லை. தேவனாம்பட்டினத்திலும் சாமியார்பேட்டையிலும் விடிகாலையில் ஏலத்துக்கு வந்து வெறுங்கூடையோடு திரும்பும் அவர்களை, மீனவர் என்று சொல்லும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வாரக் குழுக்கடன்காரர் மட்டும் தவறாமல் நினைவு வைத்திருந்து வாசலில் வந்து உட்காருகிறார்.

கடல் அரிப்புக்கும் காலநிலை மாற்றம்தானே காரணம்?

எல்லா இடத்திலும் அல்ல. புதுச்சேரிக் கடற்கரையில் மணல் போனதற்கு முதல் காரணம், 1980களின் பிற்பாதியில் கட்டிய துறைமுகத்தின் கல் அணைகள். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். கரைந்த இடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகரும். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அப்படித்தான் போயிற்று. மனிதர் கட்டியதால் வந்த அரிப்பைக் கடல் மட்டத்தின் மேல் சுமத்தினால் கட்டியவர்கள் பதில் சொல்லாமல் தப்பித்துவிடுவார்கள். அதனால்தான் இதைப் பிரித்துச் சொல்கிறேன்.

பிச்சாவரம் காடு நம்மைக் காப்பாற்றுமா?

காப்பாற்றும், ஆனால் அதைப் பாதுகாக்கிறவர்களை நாம் காப்பாற்ற வேண்டும். சுரபுன்னைக் காடு அலையின் வேகத்தைத் தணிக்கும். சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சாவு குறைவு என்று ஆய்வு செய்தவர்கள் சொன்னார்கள். அந்தக் குப்பங்கள் உயரத்திலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்தது பெரிய காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே புரிந்துகொள்ளலாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் பகுதி பகுதியாக மரம் வெட்டியதில் நடுநிலம் குழிந்து, உப்பு நீர் தேங்கிக் காடு பட்டுப்போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் (கடல் ஏற்றவற்றம்) ஏறி இறங்க வழி செய்து, காட்டை மீட்டார்கள். மண்வெட்டி பிடித்தவர்களில் இருளர்களும் உண்டு. அந்த இருளர் பெண்கள் இன்றும் கால்வாயில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையோ படகோ கிடையாது. தண்ணீரின் உப்பும் சூடும் மாறினால் முதலில் தெரிவது அவர்கள் தோலுக்குத்தான். பழங்குடிச் சாதிச் சான்று இல்லாமல் அவர்களில் பலருக்கு வீட்டுமனையும் கிடைப்பதில்லை, பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கிடைப்பதில்லை. அந்தச் சான்றை வாங்கித் தருவது புயலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

வெயிலால் செத்தால் நிவாரணம் உண்டா?

உண்டு. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மருத்துவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். அதனால் வெயிலில் சுருண்டவரை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், எங்கே எத்தனை மணிக்கு விழுந்தார் என்று சொல்லி எழுத வையுங்கள்.

கடலோர வெயிலில் புழுக்கம் கூடுதல். வேர்வை காயாது, உடம்பு ஆறாது. வெயில் மானி 38 காட்டினாலும் உடம்புக்கு அது நாற்பதைத் தாண்டும். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, நூறு நாள் வேலை எல்லாவற்றிலும் பதினொரு மணிக்குள் முடிக்கக் கேளுங்கள். வயலில் கழிப்பிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். நீர்க்கடுப்போடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் பிள்ளைகளைச் சித்திரை, வைகாசியில் நான் தினமும் பார்க்கிறேன்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணுக்கு என்ன அர்த்தம்?

1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் நம் பக்கமும் காற்று வரும். 5 முதல் 7 வரை ஆபத்து. 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

"முகாமுக்கு வாங்கன்னா ஏன் வரமாட்டேங்குறாங்க?"

ஒரு இளம் அதிகாரி என்னிடம் உண்மையான அக்கறையோடு கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஆட்டை எங்கே கட்டுவது? நாலு ஆடுதான் அந்த வீட்டின் சேமிப்பு. ஃபெஞ்சலில் செத்த ஆட்டுக்கு 4,000, மாட்டுக்கு 37,500 என்று அறிவித்தார்கள். அதை வாங்கக் கால்நடை மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். வெள்ளத்தில் மிதந்துபோன ஆட்டை யார் வந்து பார்ப்பது?

பள்ளிக்கூட முகாமில் நூற்றைம்பது பேருக்கு இரண்டு கழிப்பறை, அதில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. மாதவிலக்கு நாளில் வயசுப்பெண்ணை அழைத்துக்கொண்டு எப்படிப் போவார்கள்? சில ஊர்களில் காலனிக்காரர்கள் வந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரே கூரைக்கு அடியில் தனித்தனிப் பந்தி போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்த அவமானத்துக்கு இடுப்பளவு தண்ணீரே மேல் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள், ஆடு கட்ட மேட்டில் ஓர் இடம், சமையலில் எல்லாத் தெருப் பெண்களும் இருப்பது. இந்த மூன்றையும் புரட்டாசியிலேயே ஊராட்சி உறுதி செய்தால் கூப்பிடாமலே வருவார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் 5,000, இந்தப் பக்கம் 2,000. ஏன்?

ஃபெஞ்சலுக்குப் புதுச்சேரி அரசு எல்லா ரேஷன் அட்டைக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது. தமிழக அரசு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில் பாதித்த குடும்பங்களுக்கு 2,000. பாகூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், எது எந்த மாநிலம் என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் புரியும். தென்பெண்ணைத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில்தான் நின்றது. அரசுகள் வேறு என்பதைத் தவிர இந்த வித்தியாசத்துக்கு வேறு காரணம் இல்லை.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்கு இதில் பங்கு உண்டா?

பழுப்பு நிலக்கரி எரியும் புகை பூமியைச் சூடாக்கும் புகைதான். சுரங்கத்தைக் காய வைக்க நிலத்தடி நீரை இறைத்துப் பரவனாற்றில் விடுகிறார்கள். மழைக்காலத்தில் ஆறு ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது இதுவும் சேருகிறது, ஏரிகளில் மண்ணும் படிகிறது. எங்கள் ஊரில் பத்து வீட்டுக்குச் சோறு போடுவதும் அதே சுரங்கம். நிலம் கொடுத்தவர்களில் வேலை கிடைக்காதவர்களும் அதே தெருவில் இருக்கிறார்கள். மூட வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு என்னால் போக முடியாது. அங்கே ஒப்பந்தக் கூலியாக இருப்பவர்களுக்கு அடுத்த வேலை எது என்ற பேச்சை இப்போதே தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

தாள்களை எப்படிப் பத்திரப்படுத்துவது?

ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பட்டா அல்லது அடங்கல், பிள்ளைகளின் மதிப்பெண் சான்று. இவற்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். தூக்கு மிதக்கும். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். உங்கள் கைப்பேசி நனைந்தாலும் அவர்களிடம் இருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் முதல் வேலை என்ன?

சுவரைக் கழுவுவதற்கு முன், தண்ணீர் நின்ற கோட்டைக் குறியுங்கள். எங்கள் காலனியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மூன்று கோடு இருக்கிறது: 2015, 2020, 2024. நவம்பர் 1 கிராமசபையில், சாலைக்கு அடியில் ஒரு குழாய் போதும் என்று சொன்ன பொறியாளரைத் தொட்டிக்கு அழைத்துப்போய் அந்தச் சுவர் முன்னால் நிறுத்தினோம். கோடு அவர் மார்பு உயரத்தில் இருந்தது. இரண்டாவது குழாய் அடுத்த வைகாசியில் வந்தது. மூன்றாவது இன்னும் வரவில்லை, அதற்கான மனு போன கிராமசபையில் பதிவாகியிருக்கிறது.

குறிக்கும்போது தேதியும் போடுங்கள். கரியால் எழுதாதீர்கள், அடுத்த மழையில் போய்விடும். பெயின்ட் அடிக்கிறவர் வீட்டில் அடியில் மிஞ்சின டப்பா எப்போதும் ஒன்று இருக்கும், கேட்டால் தருவார்.